ஒருவருக்கு இரண்டு பைக்கற் மட்டும்

2025 மே மாதம் இந்தத் தீவில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. நாலு பக்கமும் உப்புத் தண்ணி, நடுவில நாங்கள், உப்புப் பைக்கற்றைத் தேடிக் கடை கடையாக. காலம் தப்பிப் பெய்த மழை புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைச்சலைக் கெடுத்தது, இந்தியாவிலிருந்து வரவேண்டிய உப்பு பிந்தியது என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் உண்மைதான். ஒரு கிலோ பைக்கற் 400 ரூபாயைத் தாண்டி விற்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் அந்தக் கிழமைகளில் முகநூலிலும் குடும்ப வட்சப் குழுக்களிலும் அதிகம் ஓடிய விளக்கம் மழையும் இல்லை, கப்பலும் இல்லை. "சனம் பயந்து அள்ளுது, அதாலதான் இல்லாமப் போகுது" என்பதுதான். கூடவே ஒரு படம் வரும். யாரோ ஒரு அம்மா, இரண்டு கையிலும் பை, கடை வாசல். கீழே சிரிப்புக் குறிகள்.

இந்த விளக்கத்துக்கு எதிராகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம். ஏனென்றால் இது உப்போடு வந்த விளக்கம் இல்லை. 2020 இல் பருப்புக்கு இதைச் சொன்னார்கள். 2021 இல் சீனிக்கும் பால்மாவுக்கும் சொன்னார்கள். 2022 இல் காஸுக்கும் பெற்றோலுக்கும், 2024 கடைசியில் அரிசிக்கும் சொன்னார்கள். சாமான் மாறுது, குற்றவாளி மட்டும் மாறுவதில்லை. எப்பவும் வரிசையில் நிற்கிறவர்தான் குற்றவாளி.

பத்திரிகைகள் இதற்கு "பதற்றக் கொள்வனவு" என்று ஒரு சொல் வைத்திருக்கின்றன. வரிசையில் நிற்கிற ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அங்கே கேட்கிற பேச்சு வேறு. "முடியப்போகுதாம், ஒண்டை வாங்கி வைப்பம்." "போன முறை பிந்திப் போய்த்தான் கிடைக்கேல்லை." "பிள்ளைக்குப் பால் வேணும், வேற என்ன செய்யிறது." இதில் எங்கே பதற்றம்? போன முறை என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்திருப்பவரின் கணக்கு இது. இந்த நாட்டில், அதிலும் வடக்குக் கிழக்கில், நாற்பது வயதைத் தாண்டிய எவரும் தன் வாழ்நாளில் குறைந்தது நாலு தடவை கடை வெறுமையாகிப் போனதைக் கண்டிருப்பார். அப்படிக் கண்டவர் அடுத்த முறை ஒரு பைக்கற் கூட வாங்குவதைப் பைத்தியம் என்பவர்கள், பசியை வாசித்து மட்டும் அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, அள்ளுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அள்ளுவது யார்?

ஒரு மூலைக்கடையில் பின்னேரம் ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். நாட்கூலிக்குப் போனவர்கள் காசோடு வரும் நேரம் அது. கால் கிலோ சீனி. நூறு கிராம் பருப்பு. தேங்காய் எண்ணெய் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னப் போத்தலில், அரைவாசிக்கு. சவர்க்காரம் ஒன்று, சம்போ சஷே இரண்டு, தேயிலை ஐம்பது கிராம். பாதிப் பேர் காசு கொடுப்பதில்லை, கொப்பியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். சாமான் வாங்குவது என்பது இந்த நாட்டின் பெரும் பகுதிக்கு அன்றாட வேலை. மாதச் சாமான் என்பது மாதச் சம்பளம் உள்ளவர்களின் பழக்கம். வாங்கிக் குவிக்க வேண்டுமென்றால் முற்பணம் வேணும், வைக்க இடம் வேணும், எலி போகாத பெட்டி வேணும், ஏற்றிவர வாகனம் வேணும், பகலில் வரிசையில் நிற்க நேரமும் வேணும். பதறுவதற்கே காசு தேவைப்படுகிற நாடு இது.

ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். 2022 மார்ச்சில் ஒரு கிலோ பால்மாவின் விலை 1,945 ரூபாய் ஆனது. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் நிறை குறையாமல் கொழுந்து எடுத்தால். இரண்டு நாள் மலையேறினால் ஒரு பால்மா. அந்தப் பெண் எத்தனை பைக்கற்றைப் பதுக்கியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலக உணவுத் திட்டத்தின் கணக்கில் 60 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லை. இவர்களெல்லாம் அள்ளி வைத்தவர்களா? அல்லது அள்ளிய பிறகு மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களா?

சுப்பர்மார்க்கற்றுகள் "ஒருவருக்கு இரண்டு பைக்கற் மட்டும்" என்று அறிவித்தல் ஒட்டின. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நியாயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காரில் நாலு பேராக வந்து இறங்கும் குடும்பத்துக்கு எட்டுப் பைக்கற். அடுத்த சந்தியில் இருக்கும் மற்றக் கிளைக்கும் போனால் பதினாறு. கைக்குழந்தையோடு தனியே பஸ்ஸில் வந்த தாய்க்கு இரண்டு, அதுவும் கையில் காசு இருந்தால். ஆளுக்கு இத்தனை என்று எண்ணுவது பங்கீடு இல்லை. வீட்டில் எத்தனை வாய், அதில் எத்தனை குழந்தை, போன கிழமை எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அது பங்கீடு. தெரியாத இடத்தில் அது வாசலில் ஒட்டிய ஒரு தாள்.

2020 மார்ச்சை எடுப்போம். 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. சில நாட்களுக்குப் பிறகு சில மணித்தியாலங்களுக்குத் தளர்த்தினார்கள். சனம் கடைகளுக்கு ஓடியது. அன்று பின்னேரமே தொலைக்காட்சிகளில் திட்டு: கட்டுப்பாடில்லாத சனம், நோய் பரப்புகிற சனம். ஒரு மாவட்டம் முழுவதையும் பல நாட்களுக்கான சாமானைச் சில மணித்தியாலத்துக்குள் வாங்கி முடி என்று சொன்னால் என்ன நடக்கும்? நெரிசல் நடக்கும். அது சனத்தின் குணம் இல்லை, வகுத்தல் கணக்கு. எவ்வளவு நேரம், எத்தனை கடை, எத்தனை ஆள் என்று நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கைக் கச்சேரியில் இருந்தவர்கள் போட்டுப் பார்க்கவில்லை. பிறகு யாழ்ப்பாணம் உட்பட சில மாவட்டங்களை அபாய வலயம் என்று வாரக்கணக்கில் பூட்டினார்கள். வீட்டுக்கே சாமான் வரும் என்றார்கள். வந்ததுதான். கார்ட் இருந்த, இணையம் இருந்த, லொறி உள்ளே வரக்கூடிய ஒழுங்கையில் வீடு இருந்தவர்களுக்கு வந்தது. கொப்பியில் கடன் எழுதி வாங்குகிறவர்களுக்கு எந்த அப் இலும் கொப்பி இருக்கவில்லை.

அதே மார்ச்சில்தான் ஜனாதிபதி பருப்பு கிலோ 65 ரூபாய், டின்மீன் 100 ரூபாய் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அடுத்தடுத்த நாட்களில் பருப்பும் டின்மீனும் கடைகளில் இருந்து மறைந்தன. அதைவிடக் கூடிய விலைக்குக் கொள்வனவு செய்திருந்த சின்னக் கடைக்காரர் நட்டத்துக்கு விற்பாரா? பெரிய இறக்குமதியாளர் அந்த விலைக்குப் புதிதாக இறக்குவாரா? சதொசவில் போதிய இருப்பு இருந்தால் அந்த விலைக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். இருப்பு இல்லாமல் விலையை மட்டும் அறிவிப்பது, சட்டியில் ஒன்றும் இல்லாமல் அகப்பையைத் தூக்கிக் காட்டுவது. சில கிழமைகளில் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தது யார்? நாங்கள்தான். "ஜனாதிபதி 65 எண்டு சொல்லியிருக்கிறார், நீங்கள் ஏன் இல்லை எண்டுறியள்?" மேலே இருந்தவருக்குப் பெயர், கீழே இருந்த இரண்டு பேருக்கும் சண்டை.

சீனியின் கதை இன்னும் மோசம். 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். ரூபாய் இல்லை, சதம். கடையில் விலை அதற்கேற்ப இறங்கவே இல்லை. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பிறகு பேசப்பட்டது. அந்தக் காசு எங்கட தேத்தண்ணிக் கோப்பைக்குள் வந்து சேரவில்லை, அது நிச்சயம். அடுத்த வருடம் ஓகஸ்டில் ஒரு கிலோ சீனி 200 ரூபாயைத் தாண்டியது. உடனே அவசரகால ஒழுங்குவிதிகள். அத்தியாவசிய சேவைகளுக்கென்று ஒரு மேஜர் ஜெனரல் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். களஞ்சியங்களுக்குள் அதிகாரிகள் புகுந்தார்கள், பின்னால் கமெராக்கள் புகுந்தன. மூட்டை மூட்டையாகச் சீனி. பார்த்தீர்களா, பதுக்கியிருக்கிறான்! ஒரு களஞ்சியத்தில் சீனி இருப்பதில் என்ன அதிசயம் என்று ஒரு செய்தியாளரும் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை. டொலர் ஏன் இல்லை, இறக்குமதிக்கு வங்கி ஏன் கடன் கடிதம் திறக்கவில்லை, வரியைக் குறைத்து யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற கேள்விகளை மூட்டைகள் மறைத்துக்கொண்டன.

பதுக்கல்காரர்கள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய ஆலைகள்தான் இந்த நாட்டின் அரிசி விலையைத் தீர்மானிக்கின்றன என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 2021 செப்டம்பரில் அரசு கட்டுப்பாட்டு விலையை வர்த்தமானியில் போட்டது, அதே மாதக் கடைசியில் திரும்பப் பெற்றது. ஆட்சி மாறி 2024 டிசம்பரில் மறுபடி உச்ச விலை, மறுபடி இறக்குமதி அனுமதி. நாட்டரிசி கிலோ 230 என்று தாளில் இருந்தது. அரிசி கடையில் இருந்ததா என்பது உங்களுக்கே தெரியும். பதுக்கல் என்ற சொல்லை யாருக்காவது ஒட்ட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான தொன்னை வைத்திருந்து சந்தைக்கு எப்ப விடுவது என்று தீர்மானிக்கிறவருக்கு ஒட்டுங்கள். கட்டிலுக்குக் கீழே ஐந்து கிலோ வைத்திருக்கிற பெரியம்மாவுக்கு ஒட்டாதீர்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்தச் சொல் எங்களுக்குப் பயம் தருகிறது. இந்த நாட்டில் "பதுக்கல்காரன்" என்ற சொல்லுக்கு எப்பவும் ஒரு இன முகம் இருந்திருக்கிறது. 1915 கலவரத்தின் பின்னணியில் முதலாம் உலகப் போர்க்கால விலையேற்றமும், அதற்காகக் கரையோரச் சோனகக் கடைக்காரர்கள் மேல் வளர்க்கப்பட்ட கோபமும் இருந்தன. இந்திய வியாபாரி, செட்டி, முஸ்லிம் கடை, பிறகு கொழும்பில் தமிழ்க் கடை என்று தட்டுப்பாட்டின் கோபம் எப்பவும் பக்கத்துத் தெருவுக்கே திரும்பியிருக்கிறது. நாங்களும் இதற்கு விலக்கு இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற செய்தியைப் பகிர்ந்த தமிழ்ப் பொடியள் குறைவில்லை. இன்றைக்குக் "கடைக்காரன் பதுக்கிப்போட்டான்" என்று பகிர்கிற காணொளி நாளைக்கு எந்தக் கடைக்குக் கல்லாக மாறும் என்று யோசித்துப் பகிருங்கள்.

கடைக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் இல்லை. 2021, 2022 இல் பால்மா வேணுமென்றால் தேயிலையும் சோப்பும் சேர்த்து வாங்க வேணும் என்று கட்டாயப்படுத்திய கடைகளை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். தேவையில்லாத ஒன்றை வாங்கித்தான் தேவையானதை வாங்கலாம் என்பது சுத்தமான அநியாயம். ஆனால் இன்னொன்றையும் கண்டிருக்கிறோம். லாச்சிக்குக் கீழே நாலு பைக்கற் பால்மாவை மறைத்து வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் "முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர்கள். பக்கத்து வீட்டில் ஆறு மாதக் குழந்தை, அடுத்த ஒழுங்கையில் சுகமில்லாத ஐயா, அவர்களுக்காக. சட்டப்படி அதுவும் பதுக்கல். நுகர்வோர் அதிகாரசபை பிடித்தால் தண்டம். எங்களுக்கோ, அரசு செய்யவேண்டியிருந்த பங்கீட்டு வேலையை ஒரு கடைக்காரர் சம்பளமில்லாமல் செய்ததாகப் படுகிறது. சரியாகச் செய்தாரா? தனக்குத் தெரிந்தவர்களுக்குச் செய்தார். ஊருக்குப் புதிதாக வந்து குடியிருந்தவருக்கும், அவரோடு சாதி பார்த்துப் பேசாமல் விட்டவர்களுக்கும் கிடைத்திருக்காது. அதனால்தான் இதைத் தனியாட்களின் நல்ல மனதுக்கு விட்டுவைக்க முடியாது என்கிறோம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோசனம் இல்லை.

2022 இல் தெற்கில் வரிசைகள் நீண்டபோது யாழ்ப்பாணத்தில் ஒரு பெருமை கிளம்பியது. "இதெல்லாம் எங்களுக்கு ஒரு விசயமே. நாங்கள் பொருளாதாரத் தடைக்குள்ளயே வாழ்ந்தனாங்கள்." 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு வடக்குக்குப் போகாத சாமான்களின் பட்டியலை எங்கட மாமாமார் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், பற்றரி, சோப்பு, சீமெந்து, உரம், மருந்து. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி, ஜாம் போத்தல் விளக்கு, பனம்பழக் களியில் தோய்த்த உடுப்பு. கேட்கக் கேட்கச் சுவையான கதைகள், நாங்களும் வாய் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள்தான். அந்தக் கெட்டித்தனம் உண்மையானது, அதை ஒருவரும் குறைக்க வேண்டியதில்லை. 2022 இல் சில இடங்களில் அந்தக் கதைகளோடு இன்னொரு தொனியும் சேர்ந்துகொண்டது. "இப்ப விளங்குதோ அவைக்கு?"

விளங்கியிருக்கலாம், விளங்காமலும் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி யாரை நோக்கிப் போகிறது? அந்தத் தடையைப் போட்ட அமைச்சர்களும் தளபதிகளும் 2022 இல் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. நின்றது ராகமையிலும் கண்டியிலும் ஓட்டோ ஓட்டுகிறவர். அந்த மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்று விழுந்து செத்தவர்கள் வயதுபோன சாதாரண ஆட்கள்.

அதோடு, தடைக்காலக் கதைகளில் யார் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். டைனமோவும் மோட்டார்சைக்கிளும் ஆண்களின் கதைகள். மாதவிடாய்த் துணியைச் சோப்பில்லாமல் தோய்த்தவர்கள் அந்தக் கதையை முற்றத்தில் இருந்து சொல்லிச் சிரிப்பதில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது சங்கக்கடை வாசலில் விடிய முதல் போய்க் குடும்ப அட்டையோடு நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண் வெளியே போனால் திரும்பி வருவானா என்று தெரியாத காலம் அது. இன்னொன்றும் இருக்கிறது, இது ஒருவருக்கும் பிடிக்காது. அந்தத் தடைக்குள் சீனியையும் மண்ணெண்ணெயையும் மறைத்து வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றது ஆமிக்காரன் இல்லை. எங்கட ஊர் முதலாளிமார். தடை தந்த காசில் மாடி கட்டினவர்கள் உண்டு. உள்ளே வந்த சாமானுக்கு இயக்கம் வரி எடுத்ததும் உண்டு. "நாங்கள் எல்லாரும் சேர்ந்து தாங்கினம்" என்ற வசனத்தில் அந்த "எல்லாரும்" கொஞ்சம் கவனமாக எண்ணப்பட வேண்டியது.

இதற்கு முந்திய ஒரு தட்டுப்பாடும் உண்டு. அதை யாழ்ப்பாணம் தட்டுப்பாடு என்றே நினைவில் வைத்திருக்கவில்லை. 1970களின் முதல் பாதி, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு. இறக்குமதி நிறுத்தப்பட்டதால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வந்த விலையில் எங்கட தோட்டக்காரர்கள் நிமிர்ந்தார்கள், கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அப்பப்பாமார் அதைப் பொற்காலம் என்பார்கள். அதே வருடங்களில் பாணுக்கு விடியமுதல் வரிசை. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை. மலையகத் தோட்டங்களில் பட்டினி. 1974 இல் தோட்டப்புற இறப்பு வீதம் மேலே போனது. லயங்களை விட்டு இறங்கிய குடும்பங்கள் வன்னிக்கு வந்து எங்கட வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிக்கு நின்றன. மிளகாய்ப் பழம் ஆய்ந்ததும் அவர்களின் கைகள்தான். ஒருவருக்குப் பொற்காலமாக இருந்தது இன்னொருவருக்குப் பட்டினிக்காலம், இரண்டுக்கும் இடையில் ஒரு நாள் பஸ் பயணம். எங்கட பாட்டன்மாருக்கு வந்த காசை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தட்டுப்பாட்டின்போது எல்லாரும் ஒரே படகில் என்று யாராவது மேடையில் சொன்னால், மஞ்சளைக் கேளுங்கள். அண்மையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது கிலோ ஆயிரக்கணக்கில் போனது. தமிழ்நாட்டில் இருந்து மன்னார்க் கடலால் வந்த மூட்டைகளைக் கடற்படை பிடித்தது. படகில் பிடிபட்டவர் கூலிக்கு ஏற்றிவந்த மீனவர். மூட்டைக்குச் சொந்தக்காரர் படகில் இருப்பதில்லை.

அப்ப என்னதான் செய்யச் சொல்லுறியள் என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் இல்லை. இந்த நாட்டிலேயே இருந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பர்மா அரிசி நின்றபோது பங்கீட்டுக்காக ஊர் ஊராகக் கூட்டுறவுக் கடைகள் திறக்கப்பட்டன, ஆயிரக்கணக்கில். சங்கக்கடை என்ற சொல் எங்கட ஊர்களில் ஊன்றியது அப்படித்தான். போருக்குப் பிறகும் கூப்பன் அரிசி தொடர்ந்தது. 1953 இல் ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது, டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். அரிசி விலைக்காக ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய சனம் இது. அமர்த்தியா சென் போன்றவர்கள் இந்த ஏழை நாட்டின் ஆயுட்காலம் ஏன் உயர்ந்திருந்தது என்று ஆராய்ந்தபோது சுட்டிய காரணங்களில் அந்தக் கூப்பன் அரிசியும் ஒன்று. 1979 இல் அதை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் இருந்த தொகை நின்ற இடத்தில் நின்றது, விலை ஓடியது. சில வருடங்களில் முத்திரை வெறும் தாள். இப்போதைய அஸ்வெசும காசுக்கும் அதே நோய்தான். காசு கொடுக்கிறார்கள், கடையில் சாமான் என்ன விலைக்கு இருக்கும் என்பதற்கு ஒருவரும் பொறுப்பில்லை.

"பங்கீடெல்லாம் பழைய காலம், இப்ப நடக்காது" என்பவர்களுக்கு 2022 ஜூலையை நினைவூட்டுகிறோம். தேசிய எரிபொருள் அனுமதி, கியூஆர். மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்த வரிசைகள் சில கிழமைகளில் சுருங்கின. நேற்றுவரை "பதறிய" அதே சனம்தான். தனக்கு உரியது தனக்கு வரும் என்று தெரிந்ததும் ஒருவரும் பதறவில்லை. அந்தப் பெயரை யாருக்கு வைத்தார்களோ அவர்களே அதைப் பொய்யாக்கிக் காட்டினார்கள். ஆனால் கார் இல்லாதவருக்கு அந்த 20 லீற்றரில் என்ன பங்கு? மண்ணெண்ணெயில் அடுப்பு மூட்டுகிறவருக்கும் படகு ஓட்டுகிறவருக்கும் அடுத்த மாதம் கிடைத்தது விலையேற்றம்: லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340. வாகனத்துக்குப் பங்கீடு செய்யத் தெரிந்த அரசுக்குப் பால்மாவுக்கும் பருப்புக்கும் அரிசிக்கும் செய்யத் தெரியாமல் போனது தொழில்நுட்பம் இல்லாததால் இல்லை. பெற்றோல் இல்லாமல் நின்றவர்களின் சத்தம் கொழும்பில் கேட்டது. பால்மா இல்லாமல் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்த தாயின் சத்தம் லயத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆகவே எங்கட கோரிக்கை: பால்மா, அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய், ஏன், உப்பும்கூட, தட்டுப்பாடு வரும் என்று தெரிந்த நாளிலேயே குடும்ப அட்டைக்கு இத்தனை என்று சங்கக்கடையாலும் சதொசவாலும் கொடுக்கப்பட வேண்டும். குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீட்டுக்கு முதல். மிச்சத்தைச் சந்தையில் விற்கட்டும், காசுள்ளவர் வாங்கட்டும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. இதற்கு மாவட்டத்துக்கு மாவட்டம் கையிருப்பு வேணும். நெல்லை அறுவடையின்போது வாங்கி வைக்க வேணும், ஆலைக்காரர் வாங்கி முடித்த பிறகு இல்லை.

சங்கக்கடையா, அங்க புழு அரிசியும் கள்ளத்தராசும்தானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், காரணம் இருக்கிறது. கட்சிக்காரருக்கு வேலை கொடுக்கிற இடமாகவும், முகாமையாளரின் சொந்தக் கடையாகவும் பல சங்கங்கள் போனது உண்மை. பூட்டிக் கிடக்கிற கிளைகளின் கதவில் கறையான். ஆனால் சுப்பர்மார்க்கற்றில் விலையேறினால் உங்களால் செய்யக்கூடியது வேறு சுப்பர்மார்க்கற்றுக்குப் போவது மட்டும்தான். சங்கத்தில் நீங்கள் அங்கத்தவர். கணக்கைக் கேட்கலாம், தலைவரை மாற்றலாம். எங்கட தலைமுறை அதைக் கேட்கப் போகாததால்தான் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது. அரசியல் பேச முகநூலில் இரவு இரண்டு மணிவரை இருப்போம், ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் எங்கட வயதுக்காரர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அம்மம்மாவிடம் கேளுங்கள். சங்கத்தின் பங்குப் புத்தகம் அலுமாரியில் காணி உறுதியோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலான வீடுகளில் அது அங்கேதான் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். கடைசிப் பொதுக்கூட்டம் எப்ப நடந்தது, அடுத்தது எப்ப, கணக்கறிக்கை எங்கே என்று கேளுங்கள். திகதி கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள், நாங்களும் வாறம்.